மூடிய கோடு

"எம் மக எம் மேல கதவைச் சாத்திட்டாளா இல்லையான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்," என்றார் யாகப்பன்.

பூட்டு ரிப்பேர் கடை பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்று இளவழகனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான். அவன் ஒரு கிண்டலை விழுங்கினான் என்றால் அன்றைக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

சூரமங்கலத்தில் ரயில் சத்தம் சுவரைத் தாண்டி உள்ளே வரும் வீடு. கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற யாகப்பன் அதில் தனியாக இருந்தார். மனைவி அந்தோணிமேரி இறந்துவிட்டாள். மகன் அலெக்ஸ் ராசிபுரத்தில். மகள் ஜோஸ்லின் அமெரிக்காவில். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடி அலமாரி. அதன் சாவியை மனிதர் அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்தார்.

உள்ளே நகையில்லை, பானைகள்தான் இருந்தன. கழுத்தே இல்லாமல் தோள் மட்டும் அகன்ற பானைகள். இளமஞ்சள் உடம்பில் கறுப்பும் செங்கல் நிறமுமாகப் பறவை இறக்கைகள்.

"இதுல எதுலயும் சோறு வடிக்க முடியாதுங்களே," என்றாள் சௌந்திரம்.

சௌந்திரம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். ஐம்பதைத் தாண்டியவள், திருச்செங்கோட்டுக்காரி. நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் உட்கார்ந்து, காணாமல் போன லாரிகளைப் போனிலேயே கண்டுபிடித்துப் பழகிய மூளை. இளவழகன் அவளுக்கு உதவியாளன். சம்பளத்துக்கு வேலை செய்கிறான், பேசுவது மட்டும் இலவசம்.

"வடிக்கறதுக்கில்லைம்மா, வச்சுப் பாக்கறதுக்கு," என்றார் யாகப்பன். "அரிசோனான்னு ஒரு பக்கம். அங்க ஹோப்பின்னு ஒரு ஜனம், மேட்டு மேல கல்லு வீடு கட்டி இருக்கறவங்க. எம் மக அங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர். டெல்லான்னு ஒரு ஹோப்பிப் பொம்பள அவளுக்குச் சிநேகிதம். அவங்க பண்ணுற பானைங்க இது. சக்கரமே கிடையாது. மண்ணைக் கயிறாட்டம் உருட்டி, வட்டம் வட்டமா அடுக்கி ஏத்துவாங்க. கூழாங்கல்லால தேய்ப்பாங்க. இலை நாரை மென்னு பிரஷ் பண்ணிப் படம் போடுவாங்க. ஆட்டுச் சாணி காஞ்சதை மூட்டிச் சுடுவாங்க. அந்த மண்ணு சுட்டா இப்படி மஞ்சளாயிரும்."

"மக சொன்னாங்களா சார்?"

"எங்கிட்டயா? நாங்க பேசறதில்லை தம்பி. அவ அம்மாகிட்டப் போன்ல சொல்லுவா. நான் பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பேன்."

அந்தப் பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரண்டிருக்காது என்று இளவழகனுக்குப் புரிந்தது.

கதை சின்னதுதான். கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு, வேண்டாம் என்று ஜோஸ்லின் அமெரிக்கா கிளம்பினாள். இனி இந்தப் படி ஏறாதே என்றார் அப்பா. அவள் ஏறவில்லை. அம்மா செத்தபோது, அடக்கம் முடிந்த பிறகு அவளுக்குச் சொன்னால் போதும் என்று அலெக்ஸைத் தடுத்ததும் இவர்தான். அதற்குப் பிறகு போனும் நின்றுவிட்டது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஒரு பானை வருவது மட்டும் நிற்கவில்லை. இந்த விலாசத்துக்கு முதலில் வந்ததை இவர் திருப்பி அனுப்பச் சொன்னதால், பார்சல் அலெக்ஸ் வீட்டுக்கு வரும். அவன் கொண்டுவந்து வைப்பான்.

"பானை டெல்லாவோடது. படமும் டெல்லாவோடது. இந்த விளிம்பைச் சுத்திப் போற கோடு மட்டும் எம் மக போடறது. பாருங்க, ஒரு இடத்துல விட்டிருக்கும்."

ஒவ்வொரு பானையின் விளிம்பிலும் தடித்த கறுப்புக் கோடு. ஒரு விரல் அகலத்துக்கு அது முடியாமல் நின்றிருந்தது.

"முழுசா மூடக் கூடாதாம். போடறவளோட உசுரு போக வர வழி விடணும்னு டெல்லா வீட்டுல பழக்கமாம். ஜோஸ்லின் அவ அம்மாகிட்டச் சொன்னது எங்காதுல விழுந்துச்சு. 'அந்த வழிய அப்பாவுக்குன்னு நெனச்சுக்கிட்டு விடறேம்மா'ன்னா." யாகப்பன் கடைசிப் பானையை எடுத்து நீட்டினார். "இது போன கிறிஸ்துமஸுக்கு வந்தது."

கோடு சுற்றி வந்து தன்னைத்தானே தொட்டு மூடியிருந்தது.

"அலெக்ஸைக் கேட்டா முழிக்கறான். போன் பண்ணிக் கேக்கலாம்னா, மூடிட்டேன்னு அவ வாயால சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்? அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

சௌந்திரம் பானையை வாங்கி மோந்து பார்த்தாள். இடுப்புப் பையிலிருந்து வெற்றிலை டப்பாவை எடுத்து, ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பைத் தொட்டாள். பெரியவர் சாவியைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்த நேரம், அந்த விரல் பானையின் அடியில் ஒரு கணம் பட்டது. பிறகு உள்ளே விரலை விட்டு எதையோ கிள்ளி எடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேனுங்க. விசாரிச்சுப் போட்டு வாரேன்."

*

வெளியே வண்டியில் ஏறும் முன் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். சுண்ணாம்பு பட்ட இடம் குங்குமமாகச் சிவந்திருந்தது.

"மஞ்சள்," என்றான் இளவழகன். "அரிசோனாவுல ஈரோட்டு மஞ்சள் எப்ப இருந்துக்கா கிடைக்குது?"

"செவப்புப் பானைக்கு மஞ்சளை அரைச்சுப் பூசி, எண்ணெயில மெருகேத்தியிருக்குது. இதையும் பாரு."

அவள் உள்ளங்கையில் சின்னதாக ஒரு நூல். வெயிலில் மினுங்கியது. பட்டு.

"அப்ப கேஸ் முடிஞ்சுதுக்கா. ஹோப்பிப் பானைக்கு வெளிய நல்ல கிராக்கி. அலெக்ஸ் ஒரிஜினலை வித்துட்டு, அப்பனுக்கு நாட்டுப் பானைய மஞ்சள் குளிப்பாட்டிக் குடுத்துட்டான். அவன் பொண்டாட்டி ராசிபுரத்துப் பட்டுத் தறிக்காரங்க வீட்டுப் பொண்ணுன்னு பெரியவர் சொன்னாரே. நூல் அங்கிருந்து வந்துருக்கு. வாங்க, நேரா அங்க போய்க் கையைப் புடிப்போம்."

"அந்தப் புள்ளைகிட்டப் போனா முதல்ல பொய்தான் வரும். பானை செஞ்சவங்ககிட்டப் போவோம். இந்த உருவத்துல ஒருத்தர் பானை கேட்டிருந்தா, எந்தக் குயவனும் மறக்க மாட்டான்."

அவள் சொன்னது சரி. ராசிபுரத்துக்கு வெளியே முதல் சூளையில் விசாரித்தபோதே, வெள்ளியங்கிரியைப் பாருங்க, அவர்தான் கழுத்தில்லாத பானை செஞ்சு பத்து நாள் திட்டிக்கிட்டே இருந்தார் என்று சிரித்தார்கள்.

வெள்ளியங்கிரி பொங்கல் விற்பனை முடிந்த அலுப்பில் சூளைச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். பானையைப் பார்த்ததும் வாரியலைக் கீழே போட்டார்.

"ஏனுங்க, இதுவும் விரிசல் உட்டுப்போச்சுங்களா?"

"இதுவும்னா?" என்றாள் சௌந்திரம்.

"மொதல்ல ஒண்ணு ஒடைஞ்சுதுங்களே. அந்தப் புள்ள ஓட்டுச் சில்லெல்லாம் ஒரு சேலைத் துணியில மூட்டை கட்டிக் கொண்டாந்து, இதே மாதிரி வேணும்னுச்சுங்க. நானும் சக்கரத்துல வெச்சுத் தூக்கறேன், தோளு சரிஞ்சு சரிஞ்சு உழுவுது. சக்கரமில்லாம அதை மொதல்ல செஞ்ச பொம்பள எப்படித்தான் ஏத்துச்சோ. கடைசியில மேல் பாதியச் சக்கரத்துல எடுத்து, அடிய நம்ம வழக்கமாத் தட்டித்தானுங்க மூடுனேன். நிறம் வராது, நம்ம மண்ணு செவப்புன்னேன். நாம் பாத்துக்கறேன்னுச்சு. படமும் அதுவே போட்டுக்கறேன்னுருச்சு."

இளவழகனின் கேஸ் அங்கேயே கவிழ்ந்தது. ஒரிஜினலை யாரும் விற்கவில்லை, உடைந்திருக்கிறது. உடைந்ததற்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? கூரியர்காரனைத் திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே?

"சில்லு வெச்சே நீங்க பானை செஞ்சிருக்கீங்க, உங்களைப் போலீசுல சேத்துக்கலாம் அண்ணா," என்றான்.

வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை. "அது நின்னு அழுதுச்சுங்க தம்பி. ஒரு பானைக்கா இந்த அழுகைன்னு கேட்டேன். பானைக்கில்லைங்கன்னுச்சு. அதுக்கு மேல நாங் கேக்கலை."

சௌந்திரம் பானையை இளவழகன் கையில் கொடுத்தாள். பிறகு வண்டியைப் பார்த்து நடந்தாள். வழக்கமாக அந்த நடையைப் பற்றி இளவழகனிடம் ஒரு கிண்டல் இருக்கும். அன்றைக்கு வரவில்லை.

*

தறிச் சத்தம் வாசல் வரை கேட்டது. வாசலில் காலையில் போட்ட சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்த ஒரே கோடு, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் முடிந்திருந்தது. சௌந்திரம் அதன் முன்னால் நின்றாள். உள்ளிருந்து அலெக்ஸின் மனைவி ஜெயப்பிரியா வந்தாள். முப்பது வயதிருக்கும், தலையில் பட்டு நூல் தூசி.

"கோலம் நீங்க போட்டதுங்களா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"ஒரு இடத்துலகூடக் கோடு தெறந்து நிக்கலை."

"தெறந்து உடலாமுங்களா? கோடு சேராம நின்னா அது கோலமே ஆவாதுங்களே."

"அதனாலதான் பானையிலயும் மூடிட்டீங்களா, கண்ணு?"

ஜெயப்பிரியா நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். இளவழகன் பானையைக் கீழே வைத்தான். அவள் அதைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆகஸ்ட் மாசமுங்க. அங்க காஞ்ச ஓடையில திடீர்னு தண்ணி வருமாமுங்க. ஸ்கூல்லிருந்து வாரப்ப ஜோஸ்லின் அக்காவக் காரோட இழுத்துட்டுப் போயிருச்சு. டெல்லாதான் போன் பண்ணுனாங்க. அவங்க இங்கிலீஷும் எங்க இங்கிலீஷும் அழுகையில ஒண்ணும் புரியலை. அலெக்ஸுக்கு விசா கெடைக்கலைங்க. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க."

தறி ஒரு நிமிஷம் நின்று மறுபடியும் ஓடியது.

"அதே வாரந்தானுங்க மாமாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. அதிர்ச்சி ஆவாது, கொஞ்ச நாள் போவட்டும்னு டாக்டர் சொன்னாரு. கொஞ்ச நாள் போச்சு. அப்பறம் இன்னுங் கொஞ்ச நாள். அப்பறம் எந்த மொகத்தோட சொல்றதுன்னு ஆயிருச்சுங்க. நவம்பர்ல டெல்லா பார்சல் அனுப்புனாங்க. அந்த வருசத்துப் பானை. அக்கா கோடு போட்டு வெச்சுட்டுத்தான் போயிருந்தாங்களாம். பிரிச்சுப் பாத்தா எல்லாம் தூளாக் கெடக்குது. கிறிஸ்துமஸுக்குப் பானை போவலைன்னா மாமாவுக்குத் தெரிஞ்சுருமுங்களே. அலெக்ஸ் அப்படியே உக்காந்துட்டாரு. நாந்தான் செஞ்சேன்."

"கோட்டுல வழி உட்டிருந்தது பாக்கலையா?"

"ஒடைஞ்சதுல அங்க பெயிண்டு போயிருச்சுன்னு நெனச்சேனுங்க. அந்த அலமாரிகிட்ட மாமா யாரையும் விடமாட்டாருங்க, மத்ததை நாம் பாத்ததில்லை. தெறந்து கெடந்தது மனசுக்கு ஒப்பலை. இழுத்து மூடிட்டேன். ஏங்க, அதுல என்னங்க?"

சௌந்திரம் சொன்னாள். அந்த இடைவெளி யாருக்கு என்று சொன்னாள். அது மூடியதைப் பார்த்து ஒரு மனிதர் கிறிஸ்துமஸிலிருந்து என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாள். ஜெயப்பிரியா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நல்லது செய்யப்போய் இப்படி ஆனவர்களைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் கொடுமை என்று இளவழகனுக்குத் தோன்றியது. திருடனைப் பிடித்திருந்தால் இந்நேரம் டீ குடிக்கப் போயிருக்கலாம்.

"சொல்லாம உட்டா, மக வெறுத்துட்டான்னு நெனச்சுட்டே இருப்பாரு," என்றாள் சௌந்திரம். "சொன்னா, மக இல்லைன்னு தெரிஞ்சுட்டு இருப்பாரு. ரெண்டுல எதுன்னு நாஞ் சொல்ல மாட்டேன். அது உங்க ஊட்டுச் சமாச்சாரம். அவருகிட்ட நானா எதுவும் பேச மாட்டேன்."

ஜெயப்பிரியா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சேலைத் துணி மூட்டை இருந்தது.

"வாங்க போலாம். நானே சொல்றேன்."

"அலெக்ஸுக்குப் போன் பண்ணலையா?" என்று கேட்டான் இளவழகன்.

"அவரு வேலையா ஓசூர் போயிருக்காருங்க. பண்ணுனா வேண்டாம்பாரு. அப்பறம் எனக்கும் தைரியம் போயிரும்."

*

யாகப்பன் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு நாற்காலியில் காத்திருந்தார். மருமகளை அவர்களோடு பார்த்ததும் எழுந்தார்.

"நீ எங்கம்மா இவங்களோட?"

"மாமா, இந்தப் பானைய அக்கா போடலைங்க. நாம் போட்டது."

அவள் மூட்டையைத் தரையில் பிரித்தாள். மஞ்சள் சில்லுகள். சாயம் பூசாத, மண்ணே சுட்டு வந்த மஞ்சள். உடைந்து வந்ததையும், வெள்ளியங்கிரியிடம் போனதையும், மஞ்சள் அரைத்ததையும் அவசர அவசரமாகச் சொன்னாள். "கோட்டை மூடுனது நாந்தானுங்க மாமா. கோலம் போடற கை. தெறந்து கெடந்தா எனக்குத் தெரியாமயே மூடிருது. மன்னிச்சுருங்க."

யாகப்பன் குனிந்து விளிம்புச் சில்லுகளைத் தேடிப் பொறுக்கினார். இரண்டை ஒட்ட வைத்துப் பார்த்தார். கோடு வந்து, நின்று, ஒரு விரல் தள்ளி மறுபடி தொடங்கியது.

"அப்ப அவ மூடலை."

"மூடலைங்க மாமா."

அந்த முகத்தில் வந்த சிரிப்பை இளவழகனால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டான். பெரியவர் விறுவிறுவென்று அறைக்குள் போய், செத்துப்போன மனைவியின் பழைய போனை எடுத்து வந்தார். அதில் சார்ஜ் நிறைந்திருந்தது. இத்தனை காலமும் தினமும் போட்டு வைத்திருக்கிறார்.

"ஒரு பொம்பளப் புள்ளைய வீணா சந்தேகப்பட்டுட்டேன். இன்னைக்கே பேசிடறேன். அங்க இப்ப நடுராத்திரி. இருக்கட்டும், அப்பன் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டாளா?"

அமெரிக்க நம்பரை எங்கும் பார்க்காமல் அடித்தார். மனப்பாடம். கடைசி எண்ணுக்கு விரல் போனபோது ஜெயப்பிரியா அந்தப் போனைத் தன் கையால் மூடினாள்.

"மாமா. அக்கா எடுக்க மாட்டாங்க."

"ஏன், எம் மேல கோவமா?"

"கோவமில்லைங்க மாமா." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சௌந்திரத்தைப் பார்த்தார், இளவழகனைப் பார்த்தார். மூன்று பேரில் ஒருவராவது அப்படியில்லை என்று சொல்வார்களா என்று பார்த்தார்.

"எப்ப?" என்றார்.

"ஆகஸ்ட்லங்க."

ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகக் கடந்து போனது. அது போய் முடிகிற வரை அவர் அசையவில்லை. கையிலிருந்த சில்லுகளை மட்டும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். சௌந்திரம் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினார், குடிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பூசையில அவ பேர் குடுத்துக்கிட்டிருக்கேன்," என்றார். "சுகமா இருக்கணும்னு. யாருக்கும் சொல்லாம நானாப் போயிக் குடுத்தேன். சாமியார் வாசிப்பாரு. ஜோஸ்லின் உடல் நலத்துக்காகன்னு. அலெக்ஸ் எம் பக்கத்துல முழங்கால் போட்டுக்கிட்டு இருப்பான். அதைக் கேட்டுக்கிட்டேவா இருந்தான், எம் பையன்?"

"ஊட்டுக்கு வந்து அழுவாருங்க மாமா."

யாகப்பன் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மனைவியின் போனிலேயே, பூசைக்குப் பேர் எழுதிக்கொள்ளும் கோயில் உபதேசியாரின் நம்பரைத் தேடி அழுத்தினார். மறுமுனையில் குரல் கேட்டது. "ஞாயித்துக்கிழமை பூசைக்கு நான் குடுத்த பேரு," என்று தொடங்கினார். "அதைக் கொஞ்சம் மாத்தி," என்றார். அதோடு நின்றுவிட்டது. மறுமுனை, சொல்லுங்க சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இளவழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதை மறைக்கவும் இல்லை.

ஜெயப்பிரியா போனை வாங்கினாள். "எப்படிச் சொல்லோணுமுங்க மாமா? எனக்குத் தெரியாதுங்க."

"ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு சொல்லணும்மா."

"ஏனுங்க, யாகப்பன் ஊட்டுலிருந்து பேசறேனுங்க," என்றாள் அவள் போனில். "ஜோஸ்லின். ஆமாங்க, அதே பேருதானுங்க. உடல் நலத்துக்கு இல்லைங்க. ஆன்ம இளைப்பாற்றிக்காகங்க."

மறுமுனை ஏதோ கேட்டது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள்.

"யார் குடுக்கறதுன்னு கேக்கறாருங்க மாமா. வாசிக்கறப்ப அதையும் சொல்லுவாங்களாம்."

யாகப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அவ அப்பான்னு சொல்லு."